ஆப்பிரிக்கத் துணியை ஈரோட்டில் உட்கார்ந்தே படிக்க எந்த அருங்காட்சியகத் தளம் உதவும்?

'கென்டே மாதிரி ஒரு டிசைன் வேணும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். கென்டே கானா நாட்டுக் கைத்தறித் துணி. டிசைனர் அதைப் பார்த்துக் கட்டம் கட்டமாக வரைவார், ஸ்கிரீன் போடுவார்கள், துணி ஓடிவிடும். படத்தில் இருப்பது எந்த ஊர்த் துணி, தறியில் நெய்ததா, அச்சடித்ததா, கல்யாணத்துக்கு உடுத்துவதா, இழவுக்கு உடுத்துவதா என்று கேட்க அங்கே ஆள் இருக்காது. ஈரோடு, திருப்பூர், சென்னிமலை, பவானி என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் துணியை நம்பித்தான் பிழைப்பு. அடுத்தவர் துணியையும் அதே அக்கறையோடு பார்ப்பதுதான் முறை.

அதற்கு லண்டனுக்கோ பாரிஸுக்கோ விமானம் ஏற வேண்டியதில்லை. பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் ஆப்பிரிக்கச் சேகரிப்பை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. அதில் நாலை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்: லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், வாஷிங்டனில் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த தேசிய ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம், பாரிஸில் கே பிரான்லி. நெசவைப் படிக்க பிரிட்டிஷ் மியூசியம்தான் முதல். படத்தை எடுத்துத் தொழிலில் பயன்படுத்த மெட்ரோபாலிட்டன். துணியை மனிதர்கள் எப்படி உடுத்துகிறார்கள் என்று பார்க்க ஸ்மித்சோனியன். கே பிரான்லியில் சரக்கு நிறைய உண்டு, ஆனால் பொறுமை வேண்டும்.

பிரிட்டிஷ் மியூசியம்

2020 ஏப்ரலில் இந்தத் தளத்தைப் புதுப்பித்தபோது ஏறத்தாழ 45 லட்சம் பொருள்களின் பதிவுகளும் 19 லட்சம் படங்களும் அதில் இருந்தன. ஆப்பிரிக்கத் துணி அதில் ஒரு மூலைதான். அந்த மூலையே ஒருவருக்கு ஆயுசு முழுக்கப் போதும். ஒவ்வொரு பதிவிலும் பொருளின் எண், செய்த மக்கள், ஊர், மூலப்பொருள், செய்முறை, நீள அகலம், யாரிடமிருந்து எந்த ஆண்டு வந்தது என்ற விவரம் வரும். நமக்கு முக்கியமானது நீள அகலம். பல தளங்களில் படம் அழகாக இருக்கும், அளவு இருக்காது. அளவில்லாத துணிப்படம் காலண்டருக்குத்தான் ஆகும்.

நம் ஊர் பிரிண்டிங் யூனிட்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெவிங் சேகரிப்பு. சார்லஸ் பெவிங் மான்செஸ்டர் துணி வியாபாரி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அச்சுத்துணி அனுப்பியவர். அங்கே என்ன விற்கும் என்று தெரிந்துகொள்ள அந்த ஊர்க் கைத்தறித் துணிகளையே வாங்கிச் சேர்த்தார், அவற்றைப் பார்த்து மான்செஸ்டரில் அச்சடித்தார். அவர் மகன் 1934-இல் அந்தத் துணிகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பதிவு எண் ஏஎஃப்1934,0307 என்று தொடங்கும். மூலத்தறித் துணியும் அதைப் பார்த்து அச்சடித்ததும் ஒரே சேகரிப்பில் கிடைப்பது அபூர்வம். எதை மில் பிடித்தது, எதைக் கோட்டைவிட்டது என்பதை இதில் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்னொன்று 1817-இல் தாமஸ் எட்வர்ட் பவ்டிச் என்ற ஆங்கிலேயர், இன்றைய கானாவிலுள்ள அசாந்தே தலைநகர் கூமாசியில் வாங்கி வந்த அடிங்க்ரா என்ற முத்திரைத் துணி. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் அடிங்க்ராக்களில் மிகப் பழையதாக இதைத்தான் சொல்கிறார்கள். சுரைக்குடுக்கை ஓட்டில் செதுக்கிய முத்திரையை, மரப்பட்டை வடித்த கருஞ்சாயத்தில் தோய்த்துத் தட்டியது. படத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு தட்டலிலும் சாயம் எங்கே கனத்தது, எங்கே தேய்ந்தது என்று தெரியும். கையால் பிளாக் அடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கமே பாடம்.

குறைகளும் இருக்கின்றன. நிறையப் பதிவுகளுக்குப் படமே இல்லை, அதனால் தேடும்போதே 'படம் உள்ளவை மட்டும்' என்ற வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். பின்பக்கப் படம் அரிதாகத்தான் கிடைக்கும். ரீட்-பிக் (நூல் நெருக்கம்), கவுண்ட் (நூலின் பருமன்), ஜிஎஸ்எம் (துணியின் எடை) எதையும் எதிர்பார்க்க வேண்டாம். எழுத்துக்கூட்டலும் தொல்லை தரும்: அசாந்தே மக்களின் பெயரை அசாந்தே, அஷாந்தி என்று இரண்டு விதமாகவும் ஆங்கிலத்தில் போட்டுத் தேட வேண்டும்; கிழக்கு ஆப்பிரிக்க அச்சுத்துணியான காங்காவுக்கு ஹெச் சேர்த்தும் சேர்க்காமலும், லெசோ என்ற பெயரிலும் பார்க்க வேண்டும். ஒரு பெயரில் வருவது இன்னொன்றில் வராது. எல்லாவற்றையும்விட முக்கியம் உரிமம். படங்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். படிக்கலாம், கல்லூரிப் பாடத்தில் காட்டலாம். ஸ்கிரீனுக்கு அனுப்பக் கூடாது.

கென்டேயைப் பதிவில் படிப்பது எப்படி

கென்டே அகலத்துணி இல்லை, நாடா. கானாவில் அசாந்தே நெசவாளர்கள் பொன்விரே என்ற ஊரை மையமாக வைத்து நெய்கிறார்கள். கிழக்கே ஈவே மக்கள் தங்கள் வழியில் நெய்கிறார்கள். தறி ஒடுக்கமானது. பாவு (நெடுக்கு நூல்) நெசவாளிக்கு முன்னால் தரையில் பல மீட்டர் நீண்டு போய், கடைசியில் கல் வைத்த ஒரு பலகையில் கட்டியிருக்கும். நெய்ய நெய்ய அந்தக் கல் இழுபட்டு வரும், பாவின் விறைப்பு அதிலேயே கிடைத்துவிடும். கால்விரல் இடுக்கில் கயிற்றைப் பிடித்து, பாவு நூலைத் தூக்கும் கண்ணிகளான விழுதை ஏற்றி இறக்குவார்கள். கிடைக்கும் நாடா 9, 10 சென்டிமீட்டர் அகலம். ஆண்கள் உடுத்தும் பெரிய துணிக்கு இப்படி 24 நாடா வரை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்க வேண்டும்.

பதிவைத் திறந்ததும் முதலில் நாடாக்களை எண்ணுங்கள். துணியின் அகலத்தை அந்த எண்ணால் வகுங்கள். 228 சென்டிமீட்டர் அகலத்தில் 24 நாடா என்றால் ஒன்று 9.5 வரும், சரி. 15-க்கு மேல் வந்தால் எண்ணியது தப்பு, இல்லை துணி வேறு. தையல் கோடே தென்படாமல் டிசைன் மட்டும் நாடாப்போலத் தெரிந்தால் அது அச்சு. உண்மையான துணியில் தையல் கோட்டில் கட்டங்கள் ஒரு நூல், இரண்டு நூல் முன்பின் நிற்கும். அச்சில் அந்த விலகல் இருக்காது. இருந்தாலும் ரிப்பீட்டுக்கு ரிப்பீட் ஒரே மாதிரி விலகும்.

அடுத்தது கட்டத்தின் நெசவு. கென்டேயில் ஒரே நாடாவில் இரண்டு விதமான பரப்பு மாறி மாறி வரும். ஒன்றில் பாவு மேலே தெரியும், ஊடை (குறுக்கு நூல்) உள்ளே ஒளிந்திருக்கும். மற்றொன்றில் ஊடை பாவை அப்படியே மூடிவிடும். ஒரே தறியில் இது எப்படி என்றால், இரண்டு ஜோடி விழுது. முதல் ஜோடி பாவு நூலைத் தனித்தனியாகத் தூக்கும். சாதா நெசவு வரும், நூல் நெருக்கம் என்பதால் பாவு மேலே நிற்கும். இரண்டாவது ஜோடி பாவை ஆறாறு நூலாகச் சேர்த்துத் தூக்கும். நூல் கொத்தானதும் இடைவெளி விழும், அந்த இடைவெளியில் ஊடை நெருங்கி இறங்கிப் பாவை மறைத்துவிடும். ஊடை பாவை மூடும் பரப்பைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பவானி ஜமக்காளத்தைத் தொடுங்கள். தடிமன் வேறு, தத்துவம் அதேதான். அசாந்தே மன்னருக்கென்று ஒதுக்கிய அசாசியா என்ற வகைக்கு மூன்றாவது ஜோடி விழுதும் சேரும், அதில் சாய்கோட்டு நெசவு வரும்.

இந்த அமைப்பு தெரியாமல் வரைந்த பிரிண்டில் தவறு எங்கே விழும் என்றால், பாவுக் கோட்டில். அசல் துணியில் பாவின் வண்ணக்கோடு நாடா முழுக்க நெடுக ஓடும். ஊடைக் கட்டம் வந்ததும் முழுசாக மறையும், கட்டம் முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி தலை காட்டும். டிசைனர் பெரும்பாலும் அந்தக் கோட்டைக் கட்டத்துக்குள்ளும் இழுத்துவிடுவார், அல்லது கட்டத்துக்கு அப்பால் வேறு நிறத்தில் தொடங்குவார். கானாக்காரர் கண்ணில் அது உடனே உறுத்தும், ஏனென்றால் அசாந்தே வழக்கத்தில் துணியின் பெயரே பெரும்பாலும் பாவுக் கோட்டை வைத்துத்தான். ஓயோகோமான் என்ற பெயர் சிவப்பு, பச்சை, மஞ்சள் பாவுக்கு உரியது. ஓயோகோ என்ற அரச குலத்தின் பெயர் அது. பாவை மாற்றினால் பெயரே மாறிப்போகும்.

ஈவே துணியா, அசாந்தே துணியா என்பதையும் பதிவில் சரிபார்க்க வேண்டும். பழைய பதிவுகள் பலவற்றில் எல்லாமே கென்டே என்றுதான் இருக்கும். ஊடையில் மனிதர், விலங்கு, முக்காலி என்று உருவங்கள் இருந்தாலோ, இரண்டு நிற நூலை முறுக்கி ஊடையாகப் போட்டுப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலோ ஈவே துணி என்று முதலில் நினைக்கலாம். மூலப்பொருள் என்ற இடத்தில் பட்டு என்று போட்டிருப்பதையும் ஆண்டோடு சேர்த்துப் படியுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் கடல்வழி வந்த பட்டுத்துணியைப் பிரித்து நூலெடுத்துத்தான் அசாந்தே அரசவைக்கு நெய்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ரேயானும் நுழைந்துவிட்டது. 2024 டிசம்பரில் கென்டே நெசவு யுனெஸ்கோவின் தொட்டுணரா மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

பின்பக்கம் தெரியாத துணிகள்

பின்பக்கப் படம் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்பது சாயத்துணிக்குப் போனால்தான் புரியும்.

நைஜீரியாவின் யோருபா பெண்கள் செய்யும் அடிரே எலெகோவை எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, படிகாரமோ மயில்துத்தமோ சேர்த்து, கோழி இறகாலோ பனையோலை ஈர்க்காலோ துணியில் வரைவார்கள். அபேயோகுட்டாவில் தகரத் தகட்டில் வெட்டிய அச்சு வழியாகவும் கூழைத் தடவுவார்கள். காய்ந்ததும் அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். கூழ் நின்ற இடத்தில் சாயம் ஏறாது, சுரண்டினால் வெளிர்நீலக் கோலம் மிஞ்சும். கூழை ஒரு பக்கம் மட்டுமே தடவுவதால் பின்பக்கம் முழுக்க நீலமாக இருக்கும். இதுதான் கையால் செய்ததற்கான நேரடிச் சான்று. அருங்காட்சியகப் படமோ முன்பக்கத்தை மட்டும் காட்டும். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை. யாரேனும் செய்து பார்க்க நினைத்தால், பதிவில் கூழின் பக்குவம் கிடைக்காது, கோடுகளின் ஓரத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கூழ் தண்ணீராக இருந்தால் கோடு பரவிச் சிதறும். ரொம்பக் கெட்டியானால் காய்ந்து வெடித்து, விரிசலில் நீலம் நூலாக ஊறும். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டும் தெரியும்.

இபதாண்டுன் என்ற அடிரே வகையில் இபதான் நகரத்து மாப்போ மண்டபத்தின் தூண்கள் வரிசையாக வரும். 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை வைத்து வந்த அடிரேயில் ராஜா ராணி முகமே இருக்கும். 'ஆதிகால ஆப்பிரிக்க வடிவம்' என்று லேபிள் ஒட்டி விற்பவர்கள் இவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தப் பெண்கள் தங்கள் காலத்துச் செய்தியைத்தான் துணியில் எழுதினார்கள்.

மாலி நாட்டின் போகோலன்ஃபினிக்கு வேறு தொல்லை. கறுப்புத் தரையில் வெள்ளைக் கோலம் என்பதால், வெள்ளையை வரைந்திருக்கிறார்கள் என்றே எல்லாரும் நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். முதலில் துணியை ஒரு மரத்தின் இலைச்சாற்றில் ஊறவைத்து மஞ்சளாக்குவார்கள். அந்த மரம் நம் மலையோரக் காட்டு வெக்காலிக்கு உறவு. பிறகு குளத்துச் சேற்றை மாதக்கணக்கில் பானையில் புளிக்கவைத்து, கோலத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள தரையில் பூசுவார்கள். இலையின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும். கடுக்காயில் தோய்த்த துணி இரும்புத் தண்ணீர் பட்டதும் கறுப்பது நம் சாயக்காரர்களுக்குத் தெரிந்த வேதியியல்தான். கழுவி, மறுபடி இலைச்சாறு, மறுபடி சேறு. கடைசியில் மிச்சமுள்ள மஞ்சள் கோட்டின்மேல் காரம் கலந்த கலவையைப் பூசி வெளுப்பார்கள்.

இதனால் வரும் விளைவுகளைப் படத்தில் தேடுங்கள். சேறு பூசிய ஓரம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், கோட்டின் தடிமன் சீராக இருக்காது. வெளுத்த கோட்டில் மஞ்சள் நிழல் மிஞ்சியிருக்கும். நாள்பட்ட துணியில் காரம் தின்ற இடம் மெலிந்து, கோட்டோடு கோடாகக் கிழிந்தும் இருக்கும். தூய வெள்ளையில் வெட்டி வைத்தாற்போல் கோடு நின்றால் அது அச்சு. பதிவுகளில் இதற்கு 'சேற்றுத்துணி' என்ற ஒற்றை வார்த்தையோடு விட்டுவிடுகிறார்கள், செய்முறை வரிசை எல்லாவற்றிலும் இல்லை. இந்த விஷயத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தைவிட ஸ்மித்சோனியன் விளக்கங்கள் படிக்க நன்றாக இருக்கின்றன.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. திரையைப் பார்த்து லேப் டிப் (சாய மாதிரி) கொடுக்காதீர்கள். நூறு வருஷத்துத் துணி, மங்கிய சாயம், ஒவ்வொரு அருங்காட்சியகத்திலும் வேறு விளக்கு. ஒரே வகை அவுரி நீலம் ஒரு தளத்தில் கருப்பாகவும் இன்னொன்றில் மயில் கழுத்தாகவும் தெரியும்.

நம் பக்கத்துத் துணி அங்கே

இந்தத் தொகுப்புகளில் தமிழர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள். தீவுகளில் வாழும் மீனவர்களும் வணிகர்களுமான இவர்கள் நெய்வதில்லை. இவர்களுடைய பெருமைக்குரிய துணி இந்தியாவிலிருந்து போன கட்டம் போட்ட மெட்ராஸ் துணி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் இஞ்சிரி. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்தே தென்னிந்தியப் பருத்தி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. அதில் பெரும்பங்கு அடிமை வணிகத்தில் கைமாறிய சரக்கு என்பதையும் மறைக்கக் கூடாது.

வாங்கியதை அப்படியே உடுத்திக்கொண்டு கலபாரிப் பெண்கள் நின்றுவிடவில்லை. கட்டத் துணியில் சில நூல்களை மட்டும் ஊசியால் தூக்கி, கத்தியாலோ பிளேடாலோ வெட்டி உருவிவிடுவார்கள். பெரும்பாலும் வெளிர்நிற நூல்கள்தான் போகும். போன இடத்தில் சல்லடைபோலத் துளைகள் விழுந்து, கட்டத் துணிக்குள் புதிதாக ஒரு கோலம் எழும். இதற்குப் பெலேட்டே பிட்டே என்று பெயர். எந்த நூலை எவ்வளவு தூரம் எடுத்தால் துணி பிரியாது என்ற கணக்கு கையில் இருந்தால்தான் இது முடியும். ஒரே இடத்தில் பாவையும் ஊடையையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஓட்டைதான் மிஞ்சும். பதிவில் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி ஒரு கட்டத்தை மட்டும் பாருங்கள்: எங்கே பாவு மட்டும் நிற்கிறது, எங்கே ஊடை மட்டும், எங்கே இரண்டும் பின்னிப் பிடித்திருக்கிறது என்று வரைந்துகொள்ளலாம். பிறப்பிலிருந்து இறப்பு வரை இந்தத் துணி கூடவே வரும். பெரியவர் ஒருவர் இறந்தால் அவரைக் கிடத்தும் அறையையும் கட்டிலையும் குடும்பத்தில் சேர்த்து வைத்த துணிகளால் அலங்கரிப்பார்கள்.

நம் பக்கத்து நெசவாளியின் நூலை வேறொரு கண்டத்தில் ஒரு பெண் எண்ணி எண்ணி எடுத்து, தன் குலத்துத் துணியாக ஆக்கியிருக்கிறாள். நெசவுப் பள்ளிகளில் இதைக் காட்ட வேண்டும்.

மெட்ரோபாலிட்டனும் ஸ்மித்சோனியனும்

மெட்ரோபாலிட்டன் 2017 பிப்ரவரியில் பொதுவுரிமைப் படைப்புகளின் படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விடுத்தது. தொடக்கத்திலேயே 3,75,000 படங்கள். வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். தேடும்போது திறந்த அணுகல் என்ற வடிகட்டியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் காப்புரிமையில் இருக்கும் இக்காலக் கலைஞர்களின் படைப்புகளும் கலந்து வரும். ஆப்பிரிக்கத் துணிகளின் எண்ணிக்கை பிரிட்டிஷ் மியூசியத்தோடு ஒப்பிட்டால் குறைவு. படத்தின் தரம் உயர்வு. அளவு அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் இருக்கும், பொருள் யார் யார் கைமாறி வந்தது என்பதும் பல பதிவுகளில் உண்டு.

காங்கோவின் கூபா மக்களுடைய ராஃபியாத் துணியை இங்கே பாருங்கள். ராஃபியா பனையோலை நாரில் ஆண்கள் நெய்வார்கள், பெண்கள் அதில் ஊசிவேலை செய்வார்கள். நாரின் நீளம்தான் துணியின் நீளம் என்பதால் ஒரு துண்டு ஒரு மீட்டரைத் தாண்டாது. பெரிய பாவாடைக்குத் துண்டுகளை ஒட்டி ஒட்டித் தைக்க வேண்டும். வெல்வெட் போன்ற பரப்புக்கு, நாரைப் பாவுக்கும் ஊடைக்கும் அடியில் நுழைத்து, முடிச்சே போடாமல் இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். நெசவின் இறுக்கம் மட்டுமே அதைப் பிடித்திருக்கிறது. ஓரத்தில் தேய்ந்த துண்டுகளில் இழை உதிர்ந்த இடம் தெரியும், முறை அங்கேதான் பிடிபடும். கோலம் ஒரு பக்கம் தொடங்கி, நடுவில் வேறு வடிவத்துக்குத் தாவிவிடும். இதை ரிப்பீட் பண்ணினால் அதன் உயிரே போய்விடும்.

ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களைக் கட்டணமின்றித் திறந்தது. அங்கேயும் எல்லாப் படமும் கட்டுப்பாடற்றது இல்லை, ஒவ்வொரு பதிவிலும் உரிமக் குறியைப் பார்க்க வேண்டும். இந்த அருங்காட்சியகத்தின் உண்மையான செல்வம் எலியட் எலிசோஃபோன் புகைப்படக் காப்பகம். எலிசோஃபோன் லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர். 1973-இல் இறந்தபோது தன் ஆப்பிரிக்கப் படங்களை இந்த அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்றார். மற்ற இடங்களில் துணி ஆணியடித்த தோல்போலத் தட்டையாகக் கிடக்கும். இங்கே மனிதர் மேல் இருக்கிறது. அசாந்தே ஆண் துணியை இடது தோளில் போட்டு வலது தோளைத் திறந்து விடுவதும், தரையில் புரளாமல் கையில் திரட்டிப் பிடிப்பதும் படத்தில்தான் விளங்கும். பெரியவர் முன்னால் தோளிலிருந்து துணியை இறக்குவது அங்கே மரியாதை. ஊர்ப் பெரியவர் முன்னால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிய நம் தாத்தா தலைமுறைக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

டிசைன் போடுகிறவர்களுக்கு இதில் நேரடிப் பலன் உண்டு. உடுத்தும்போது எந்தப் பகுதி மார்பில் விழுகிறது, எது மடிப்பில் மறைகிறது என்று தெரிந்தால்தான் பெரிய உருவத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

கே பிரான்லி

2006-இல் திறந்த அருங்காட்சியகம். சஹாராவுக்குத் தெற்கேயிருந்து ஏறத்தாழ 70,000 பொருள்கள் இங்கே உள்ளன. மாலி, செனெகல், பெனின், ஐவரி கோஸ்ட் போன்ற பழைய பிரெஞ்சு ஆட்சிப் பகுதித் துணிகளுக்கு இதுதான் இடம். 1931 முதல் 1933 வரை பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் கிரியோல் நடத்திய டக்கார்-ஜிபூட்டிப் பயணத்தில் சேர்ந்தவையும் இங்கே உண்டு. தேடல் பிரெஞ்சில்தான் ஒழுங்காக வேலை செய்யும். உடுத்தும் துணிக்குப் 'பாஞ்ஞ்', பொதுவாகத் துணிக்கு 'திஸ்யூ', சேற்றுத்துணிக்கு 'போகோலான்' என்ற சொற்களைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் போடுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி போதும், ஆனால் செய்முறைச் சொற்களை அது குழப்பும். பாவை ஊடை என்றும் ஊடையைப் பாவு என்றும் மாற்றிவிடலாம். படங்களுக்குக் காப்புரிமை இருப்பதால் தொழிலுக்கு எடுக்க முடியாது.

ஆர்டர் எடுப்பவர்கள் கவனிக்க

அடிங்க்ரா முத்திரைகள் அழகாக இருக்கும், வரையவும் சுலபம். அதனால் குழந்தை உடை வரைக்கும் போட்டுவிடுகிறார்கள். கருஞ்சிவப்பு, கருப்புத் தரையில் அடித்த அடிங்க்ரா அசாந்தே வழக்கத்தில் துக்கத்துக்கு உரியது, வெள்ளைத் தரை மகிழ்ச்சிக்கு. தரை நிறத்தை முடிவு செய்யும் முன் வாங்குபவரிடம் எந்த நிகழ்ச்சிக்கு என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

சட்டமும் உண்டு. கானாவின் 2005-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், எண் 690, நாட்டுப்புறக் கலை வடிவங்களைப் பாதுகாக்கிறது. வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. மெட்ரோபாலிட்டன் படத்துக்குக் காப்புரிமை இல்லை என்பதால் அதிலுள்ள வடிவத்துக்கும் உரிமையாளர் இல்லை என்று ஆகிவிடாது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கி, விசைத்தறி நகல்களை எதிர்த்துக் குரல் கொடுக்கும் ஊர்க்காரர்கள் நாம். பொன்விரே நெசவாளியின் இடத்தில் நின்று இதைப் பார்ப்பது நமக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது.

பொருள்கள் எப்படி வந்தன என்ற வரியையும் தாண்டிப் போகாதீர்கள். 1874-இல் கூமாசியிலும் 1897-இல் இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரத்திலும் பிரிட்டிஷ் படைகள் கொள்ளையடித்தவை லண்டன் சேகரிப்பில் இருக்கின்றன. பிரான்ஸ் 2021-இல் அபோமே அரண்மனைப் பொருள்கள் 26-ஐப் பெனின் நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தது. ஸ்மித்சோனியன் 2022-இல் 29 பெனின் வெண்கலங்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றியது. 2024-இல் பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியமும் அசாந்தே பொருள்கள் 32-ஐக் கூமாசியின் மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்குக் கடனாக அனுப்பின. கொள்ளை போன பொருளைச் சொந்தக்காரருக்கே கடனாகக் கொடுப்பது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து. பதிவில் 1874 என்ற ஆண்டைப் பார்த்தால் அது எப்படி வந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அச்சுத்துணிக்காரர்களுக்கு இன்னும் ஒரு குறிப்பு. கிழக்கு ஆப்பிரிக்காவின் காங்கா ஏறத்தாழ 150-க்கு 110 சென்டிமீட்டர். சுற்றிக் கரை, நடுவில் உடல், கரைக்கு மேலே ஒரு ஸ்வாஹிலி வாசகம். ஜோடியாகத்தான் விற்பார்கள். வாசகம் தப்பானால் டிசைன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விற்காது, ஏனென்றால் பெண்கள் வாசகத்தைப் படித்துத்தான் வாங்குவார்கள். சொல்ல முடியாததை அதைக் கட்டிக்கொண்டு சொல்வார்கள். பதிவுப் படத்தில் ஓரத்தைப் பெரிதாக்கினால் வணிகர் பெயரும் டிசைன் எண்ணும் அச்சாகியிருக்கும். மொம்பாசா வணிகர் காதர்தீனா ஹாஜி எஸ்ஸாக்கின் 'மாலி யா அப்துல்லா' என்ற வணிகக் குறி அப்படிப் பரவலாகத் தெரியும் ஒன்று. மேற்கு ஆப்பிரிக்க வேக்ஸ் துணியில் பார்க்க வேண்டியது வேறு. 1846-இல் ஹெல்மோண்டில் தொடங்கிய விலிஸ்கோ போன்ற ஆலைகள் பிசினை இரண்டு பக்கமும் அடித்துச் சாயம் ஏற்றுவதால் முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் நிறம் தூக்கலாக இருந்தால் அது சாதா பிரிண்ட், விலையும் அதற்கேற்றதுதான். மாதிரித் துணி கைக்கு வந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். படம் மட்டும் வந்தால் பின்பக்கப் படமும் கேட்டு வாங்குங்கள், எந்த அருங்காட்சியகப் பதிவோடு ஒத்துப் பார்த்தீர்களோ அதன் எண்ணை டிசைன் ஃபைலின் பெயரிலேயே சேர்த்துச் சேமியுங்கள்.